பழைய வரைபடத்தை ஓரமாக வையுங்கள்

மேற்கு வட கரோலினாவில் டிஸ்க் கோல்ஃப் மைதானங்களை மீட்கத் திரண்டிருக்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

உங்களுக்கு வேலை அதிகம், நேரம் குறைவு. ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெலீன் புயல் சாய்த்துப் போட்ட காட்டுக்குள், பழைய பதினெட்டு ஹோல்களையும் பழைய இடத்தில் பழையபடியே திரும்ப வைக்கப் பாடுபடாதீர்கள். கூடைகள் திரும்பட்டும், ஆட்டம் திரும்பட்டும். வரைபடம் திரும்ப வேண்டியதில்லை.

நான் உங்கள் ஊர்க்காரன் அல்ல. சார்லட்டில் குடியிருந்துகொண்டு, விடுமுறை கிடைத்தால் ஆஷ்வில் பக்கம் காரைத் திருப்புகிறவன். ஆட்டமும் சுமார்தான், எறிகிற தட்டு கூடையில் விழுவதைவிட மரத்தில் மோதுவதே அதிகம். ஆனால் உங்கள் மலைக்காட்டு மைதானங்களில் காசு கொடுக்காமல் ஆடிய கடன் எனக்கு இருக்கிறது. கடன்பட்டவன் வந்து யோசனை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு சேர்ந்து இதைப் படிக்கப்போகிற தமிழ் வாசகர்கள் பலருக்கு ஆட்டமே புதிதாக இருக்கும். அவர்களுக்காக நாலு வரி. கோல்ஃபில் பந்து, மட்டை, குழி. இதில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, எறிபவரின் கை, சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடை. ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் விட்டமும் 175 கிராம் எடையும் உள்ள தட்டை, தொடக்க இடமான டீ மேடையிலிருந்து எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். எத்தனை குறைந்த எறிதல்களில் கூடைக்குள் சேர்க்கிறோம் என்பதே கணக்கு. வெட்டிச் சீராக்கிய புல்வெளி தேவையில்லை, நாளெல்லாம் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். மரங்கள்தாம் தடை, சரிவுதான் சவால். அமெரிக்காவில் பெரும்பாலான மைதானங்கள் பொதுப் பூங்காக்களில் இருக்கின்றன. பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பியை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்து 1967-இல் காப்புரிமை பெற்ற எட் ஹெட்ரிக்தான், 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். பெயரே சொல்வதுபோல, ஓக் மரங்களுக்கு நடுவே. அன்றிலிருந்து இந்த ஆட்டமும் மரமும் ஒட்டிப் பிறந்தவை. புயலுக்குப் பிறகு உங்கள் சங்கடமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவின் பிக் பெண்ட் கரையைத் தொட்டபோது ஹெலீன் நான்காம் வகைப் புயல். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி மலைமேல் இருக்கும் உங்களிடம் அது வந்து சேருவதற்கு முன்பே மழை கொட்டி மண் ஊறிக் கிடந்தது. யான்சி கவுண்டியில் பியூசிக் என்ற சிற்றூரில் அந்தச் சில நாள்களில் பதிவான மழை 30 அங்குலத்துக்கும் மேல். பிரெஞ்சு பிராட் ஆறு, 1916 வெள்ளத்தில் ஏறிய உயரத்தையும் ஆஷ்வில்லில் தாண்டியது. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆஷ்வில் குழாய்களில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வந்தபோது நவம்பர் 18 ஆகிவிட்டது. அத்தகைய நாள்களில் விளையாட்டு மைதானத்தைப் பற்றிப் பேசுவது யாருக்கும் தோன்றாது, தோன்றவும் கூடாது. ரம்பம் வைத்திருந்தவர்கள் முதலில் அறுத்தது வீட்டுப் பாதைகளில் கிடந்த மரங்களைத்தான். மைதானம் பொறுத்திருந்தது.

உலர்ந்த மண்ணில் நிற்கும் மரத்தைச் சூறைக்காற்று பெரும்பாலும் கிளை கிளையாகத்தான் ஒடிக்கும். ஊறிய மண்ணில் நிற்கும் மரத்தை அடியோடு பெயர்த்துவிடும். மேற்கு வட கரோலினாவில் நடந்தது பெரும்பாலும் இரண்டாவது. டூலிப் பாப்லர், ஓக், ஹிக்கரி என்று நூறடி உயரத்துக்கு நின்றவை, வேரும் செம்மண்ணும் சேர்ந்த பெரும் பாளத்தைத் தூக்கிக்கொண்டு சரிந்தன. ஒன்று சரியும்போது பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டது. பிரெஞ்சு பிராட் ஆற்றுக்கு அருகே இருக்கும் ரிச்மண்ட் ஹில் பூங்கா, ஆஷ்வில் நகருக்குச் சொந்தமான பூங்காக்களில் காடு என்றே சொல்லத்தக்கது. உங்கள் பதினெட்டு ஹோல்களும் சைக்கிள் பாதைகளும் அந்தக் காட்டுக்குள்தான். அங்கே போய் நின்ற ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி, எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதாகத்தான் இருந்திருக்கும்.

காட்டு மைதானத்தில் ஒரு ஹோல் என்றால் என்ன? டீ மேடையும் கூடையும் இரு முனைகள், அவ்வளவே. நடுவில் இடப்பக்கம் ஒரு பாப்லர், வலப்பக்கம் சாய்ந்த ஓர் ஓக், இரண்டுக்கும் இடையே ஒரு கதவகல இடைவெளி, அதைத் தாண்டியதும் தட்டு இடப்புறம் வளைந்து இறங்க வேண்டிய சரிவு. இதெல்லாம்தான் ஹோல். வடிவமைத்தவர் மரங்களை நடவில்லை. ஏற்கெனவே நின்ற மரங்களுக்கு இடையே ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அந்தப் பாப்லரும் ஓக்கும் போன பிறகு, அதே டீ மேடையிலிருந்து அதே கூடைக்கு எறிந்தால் அது வேறு ஆட்டம். பெரும்பாலும் மோசமான ஆட்டம்: வெறும் வெயில், நேர்க்கோடு, பலம் உள்ளவன் ஜெயிப்பான். பழைய புள்ளிகளில் கூடைகளை ஊன்றிவிட்டு மைதானத்தை மீட்டுவிட்டோம் என்று நீங்கள் சொன்னால், எண்கள் பொருந்தும். ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி விதிச் சங்கதி. சலிப்பானது, ஆனால் பணம் அங்கேதான் இருக்கிறது. பேரிடருக்குப் பிறகு உள்ளாட்சிகளின் பொதுச் சொத்தைச் சீரமைக்க மத்திய அரசின் ஃபெமா தரும் உதவி, அந்தச் சொத்து முன்பு எந்த வடிவில், எந்தப் பயனில் இருந்ததோ அதற்குத் திருப்புவதை அளவுகோலாக வைத்திருக்கிறது. உடைந்த டீ மேடை, நசுங்கிய கூடை, காணாமற்போன அறிவிப்புப் பலகை, அடித்துக்கொண்டு போன சிறுபாலம் எல்லாம் மனிதர் கட்டியவை. அவை கணக்கில் ஏற வழியுண்டு. விழுந்த மரத்துக்குப் பதிலாக மரம் நடுவது பொதுவாக ஏறாது. பேஸ்பால் மைதானத்துக்கு இது பெரிய குறையல்ல. வேலியும் விளக்கும் திரும்பினால் மைதானம் திரும்பிவிடும். உங்கள் ஆட்டத்திலோ காசு கிடைக்கக்கூடிய பொருள்கள் எல்லாம் மலிவானவை. ஒரு நல்ல கூடை சில நூறு டாலர். சங்கத்துக்காரர்கள் உண்டியல் குலுக்கியே பதினெட்டையும் வாங்கிவிடலாம். மைதானத்தை மைதானமாக்கிய மரத்துக்குத்தான் அரசுக் காசு வராது. இதை முதலிலேயே புரிந்துகொண்டால், திரட்டுகிற நிதியைக் கூடையில் கொட்டாமல் காட்டில் கொட்டலாம். என் கட்சி அதுதான்.

முன்பு இருந்தபடிதான் கட்ட வேண்டுமென்றால் வரைபடத்தை எப்படி மாற்றுவது என்று சிலர் கேட்கக்கூடும். விதியிலேயே அதற்கு இடமிருக்கிறது. பழையபடி கட்ட ஆகும் செலவு எவ்வளவோ அதுவரை உதவி, அதற்குமேல் உங்கள் பொறுப்பு என்ற வரம்புக்குள் மேம்படுத்திய திட்டமாகக் கேட்கலாம். வேலையைத் தொடங்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆர்வக் கோளாறில் ஒரு சனிக்கிழமை காலை புது இடத்தில் குழி தோண்டி கான்கிரீட் ஊற்றிவிட்டு, திங்கட்கிழமை நகர அலுவலகத்தில் போய் விவரம் சொல்வது எல்லோருக்கும் தலைவலி. பூங்கா உங்களுடையது போலத் தோன்றினாலும் நகருடையது. உங்கள் சங்கத்தில் ஃபார்ம் நிரப்பப் பொறுமையுள்ள ஒருவர் இருந்தால், அவர் ரம்பம் பிடிக்கத் தெரிந்த பத்துப் பேருக்குச் சமம். அவரைக் காட்டுக்குள் அனுப்பாதீர்கள்.

அவரிடம் இன்னொரு வேலையும் கொடுங்கள்: வருகைப் பதிவேடு. தன்னார்வலர் உழைத்த நேரத்தை உள்ளாட்சி தன் பங்குத் தொகைக்கு ஈடாகக் காட்டுவதற்கு ஃபெமா விதிகளில் வழி இருக்கிறது. எந்த வகை வேலைக்கு என்பதை நகர அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் பெயர், தேதி, இடம், செய்த வேலை, நேரம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாத உழைப்பு கணக்குக்கு வராது. நான் கலந்துகொண்ட பூங்காப் பணிகளில் மதியத்துக்கு பீட்சா வாங்கிவரப் போட்டி போட்டுக்கொண்டு ஆள் இருப்பார்கள். நோட்டையும் பேனாவையும் பிடிக்க ஒருவரும் அகப்பட மாட்டார். வளர்ந்தவர்கள் இத்தனை பேர் கூடியும் இப்படி.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, நீங்கள் அறிந்ததுதான். ஒன்றைமட்டும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், எடை குறைந்த வேர்ப்பாளம் சட்டென்று நிமிர்ந்து பழைய பள்ளத்துக்குள் உட்காரும். அந்தப் பள்ளத்தில் யார் நின்றிருந்தாலும் முடிந்தது. வளைந்து அழுந்திக் கிடக்கும் இளமரத்தை அறுத்தால் அது வில்லைப்போல அடிக்கும். உச்சியில் ஒடிந்து தொங்கும் கிளை எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, பயிற்சியும் சான்றும் பெற்றவர்கள் மட்டும் ரம்பம் பிடிக்கட்டும். மற்றவர்களுக்குக் கிளை இழுக்க, மரச்சீவல் பரப்ப, கொடி பிடுங்க வேலை நிறைய உண்டு.

இனி மைதான வடிவத்துக்கு வருகிறேன். ஓர் ஆட்டக்காரனாக எனக்கு ஆசையான பகுதி இது, ஆகவே கொஞ்சம் நீளும்.

இந்த ஆட்டத்தின் தளவாடங்கள் இலேசானவை. கூடையின் கம்பம் தரையில் புதைத்த ஒரு குழாய்க்குள் நிற்கிறது. பூட்டைத் திறந்து தூக்கி, அடுத்த குழாயில் வைத்துவிடலாம். கோல்ஃப் மைதானத்துக்காரர்களுக்கு இந்த வசதி கனவிலும் கிடையாது. இதை முழுக்கப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எதையும் நிரந்தரமாக்க வேண்டாம். டீ மேடைக்குக் கான்கிரீட்டுக்குப் பதிலாக ரப்பர் விரிப்போ ஜல்லித் தளமோ போதும். ஒவ்வொரு ஹோலுக்கும் மூன்று நான்கு இடங்களில் குழாய் புதைத்து, பருவத்துக்கு ஒரு முறை கூடையை மாற்றிப் பாருங்கள். புயலுக்குத் தப்பி நிற்கும் மரங்களில் எவை அடுத்த காற்றுக்கு நிற்கும் என்று இப்போது தெரியாது. காட்டு நடுவில் நாலா பக்கமும் துணையோடு வளர்ந்த மரம், திடீரென்று திறந்தவெளியின் ஓரத்தில் தனியாக நிற்க நேர்ந்தால், காற்றுக்குப் பழகியிராது. சான்று பெற்ற மர நிபுணர் (ஆர்பரிஸ்ட்) ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை எந்த மரத்தையும் நம்பி ஹோல் அமைக்காதீர்கள்.

நிற்கும் மரத்தைக் காப்பதற்கும் கூடையின் இடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கூடையைச் சுற்றி 10 மீட்டர் வட்டத்துக்குள் எறியும்போது, எறிந்தவர் தடுமாறாமல் சமநிலையில் நின்று காட்டும்முன் முன்னால் கால் வைக்கக் கூடாது என்பது ஆட்ட விதி. அந்த வட்டத்துக்குள் எல்லோரும் நிற்கிறோம், குந்துகிறோம், பையை இறக்கிவைக்கிறோம், தவறிய எறிதலுக்குக் காரணம் தேடிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கிறோம். மைதானத்திலேயே அதிகம் மிதிபடும் மண் அதுதான். மிதிபட்ட மண் இறுகும். இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. மேலே பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும், சில ஆண்டுகளில் உச்சி காயும். அழகுக்காகப் பெரிய ஓக் மரத்தடியில் கூடை வைக்கும் வழக்கத்தை இத்துடன் விட்டுவிடுங்கள். தப்பிப் பிழைத்த கிழவர்களிடமிருந்து கூடையைத் தள்ளி வையுங்கள், வட்டத்துக்குள் மரச்சீவலைக் கனமாகப் பரப்புங்கள். டீ மேடைக்கு நேர் எதிரே அடிவாங்கும் மரங்களுக்குப் பலகைக் கவசம் கட்டுங்கள். சீவலுக்குப் பஞ்சம் இருக்காது என்பது இந்தப் புயல் செய்த ஒரே உபகாரம்.

சரிவும் அப்படித்தான். வேர்ப் பள்ளங்கள் நிறைந்த செம்மண் சரிவில் மேலிருந்து கீழாக ஒரு ஃபேர்வே, அதாவது டீ மேடையிலிருந்து கூடைவரை எறியும் வழி, போட்டால், ஆடுபவர்களின் தடம் அடுத்த மழைக்கு வாய்க்கால் ஆகிவிடும். சரிவுக்குக் குறுக்கே எறிகிற ஹோல்களை அதிகமாக்குங்கள். நடைபாதையில் ஆங்காங்கே குறுக்குக் கட்டை பதித்து நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். ஆறு கலங்குவதற்கு உங்கள் மைதானமும் ஒரு காரணம் என்ற பேச்சு வரக் கூடாது. ஏற்கெனவே அந்த ஆறு போதுமான மண்ணைச் சுமந்துவிட்டது.

இனிச் சுத்தம் செய்யும் வெறியைப் பற்றி. விழுந்து கிடக்கும் மரத்தைப் பார்த்தால் நமக்குக் கை பரபரக்கிறது. அறுத்து, அடுக்கி, அப்புறப்படுத்தினால்தான் மனம் ஆறுகிறது. எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டாம். உங்கள் மலைகளில் நுரையீரலே இல்லாமல் தோலால் மூச்சுவிடும் சாலமாண்டர் இனங்கள் இருக்கின்றனவே, அத்தனை வகை உலகில் வேறெங்கும் ஒரே பகுதியில் இல்லை. தோல் ஈரமாக இருந்தால்தான் அவற்றுக்கு உயிர். தலைக்குமேல் நிழல் போய்விட்ட காட்டில், மக்கும் பெரிய தண்டுகளின் அடிப்பக்கம்தான் அவற்றுக்கு இப்போதைக்கு வீடு. ஃபேர்வேயின் குறுக்கே கிடப்பதை மட்டும் அறுத்து நகர்த்துங்கள். ஓரத்தில் கிடப்பது அங்கேயே கிடக்கட்டும். ஆட்டத்துக்கு அது இயற்கையான எல்லைக்கோடு. படுத்துக் கிடக்கும் நாலடித் தண்டைத் தாண்டி எறிவதும், வேர்ப்பாளத்தைச் சுற்றி வளைத்து எறிவதும் பழைய வரைபடத்தில் இல்லாத சுவை.

ஆனால் சிறு கிளைகளை அப்படி விடக் கூடாது. 2025 மார்ச்சில் போல்க், ஹெண்டர்சன் கவுண்டிகளில் பிளாக் கோவ், டீப் வுட்ஸ் தீக்கள் பரவியபோது, ஹெலீன் வீழ்த்திக் காயப்போட்ட மரமும் சருகும் அவற்றுக்குத் தீனியானதைப் பார்த்தீர்கள். ஒரு காட்டுத்தீயை வேகமாக ஓடவைப்பது விரல்பருமன், கைப்பருமன் சுள்ளிகள். ஈரம் பிடித்துவைக்கும் பெருந்தண்டு மெதுவாகத்தான் எரியும். ஆகவே வீடுகளை ஒட்டிய பக்கத்திலும் பாதை ஓரத்திலும் சுள்ளியைச் சீவலாக்குங்கள், தண்டை விடுங்கள். பறவைகள் கூடுகட்டும் வசந்தத்திலும் வௌவால்கள் குட்டிபோடும் கோடைத் தொடக்கத்திலும் பெரிய அறுப்பை நிறுத்திவைத்தால், பிற்பாடு வனவிலங்குத் துறைக்காரர்களோடு வாக்குவாதமும் மிச்சம்.

மூத்த ஆட்டக்காரர்களின் எதிர்ப்பு இனித்தான் வரும், எதிர்பார்க்கிறேன். ஏழாவது ஹோலில் ஒரே எறிதலில் கூடையில் போட்டவருக்கு அந்த ஏழாவது ஹோல் சொத்துபோல. பதினெட்டு வருடம் ஆடிய வழியை இனி இல்லை என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். முதல் நிரந்தர மைதானமான ஓக் குரோவில் தொடக்கத்தில் கூடையே இல்லை. இலக்காக இருந்தவை வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்ற சண்டை ஓயாததால்தான் ஹெட்ரிக் சங்கிலிக் கூடையை உருவாக்கினார். 1977-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கம்பத்தை விட்டுக் கூடைக்குப் போனதற்காக யாரும் ஓக் குரோவைப் போலி என்று சொல்வதில்லை. மாறிக்கொண்டே வந்ததால்தான் அது இன்றும் ஆடப்படுகிறது. பழைய ஹோல்களின் படங்களையும் கதைகளையும் தொகுத்து ஒரு பலகையில் வையுங்கள், அந்த மூத்தவர்கள் பெயர் போட்டுக்கொள்ளட்டும். தரையை மட்டும் புதிதாகப் பாருங்கள்.

தரையை நிதானமாகப் பார்ப்பதற்கு உங்கள் ஊரிலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். ஜார்ஜ் வாண்டர்பில்ட் ஆஷ்வில்லுக்கு அருகே பில்ட்மோர் எஸ்டேட்டுக்காக வாங்கிய நிலத்தில் பெரும்பகுதி, உழுதும் வெட்டியும் சத்துப்போன நிலம். பூங்கா போட்டுத்தரச் சொன்னபோது, சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட், இதில் பெரும்பகுதி பூங்காவுக்கு லாயக்கில்லை, காடு வளருங்கள் என்று சொல்லிவிட்டார். பணக்காரரிடம் அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். 1892-இல் கிஃபோர்ட் பின்ஷோ வந்து வனப்பணியைத் தொடங்கினார். 1898-இல் கார்ல் ஷென்க் அங்கேயே அமெரிக்காவின் முதல் வனவியல் பள்ளியைத் திறந்தார். இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் பழங்காடு என்று நினைத்துப் பார்ப்பதில் ஒரு பகுதி, இப்படி ஆள் வைத்து வளர்த்தது.

அவசர மீட்புக்கும் உங்கள் நாட்டில் உதாரணம் இருக்கிறது, அது குட்சு. 1930-களில் தென்மாநிலங்களில் மண் அரிப்பைத் தடுக்க, இந்த ஜப்பானியக் கொடியை நட ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று அரசே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. மண் நின்றது, கொடி நிற்கவில்லை. சாலையோரம், மின்கம்பம், கைவிடப்பட்ட வீடு என்று மூடிக்கொண்டே போன அதை இன்றுவரை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் காட்டில் இப்போது கூரை திறந்து வெயில் கொட்டுகிறது. குட்சுவும், ஓரியண்டல் பிட்டர்ஸ்வீட்டும், மல்டிஃபுளோரா ரோஜாவும் காத்திருந்தவை போல ஏறிவரும். பிட்டர்ஸ்வீட் பிழைத்த மரத்தையும் சுற்றி இறுக்கிச் சாகடிக்கும். கூடை ஊன்றுவதைவிட இதுதான் அவசரம். புகைப்படத்துக்கு அழகாக இருக்காது, யாரும் கைதட்ட மாட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை. மைதானம் திறந்த மறுநாள் தன்னார்வலர் கூட்டம் கரையும். அந்த நாளை நினைத்து இப்போதே முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு ஹோல் என்று தத்துக் கொடுத்தாலும் சரி.

மரம் நடுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். வெயில் பட்ட மண்ணில் ஏற்கெனவே புதைந்திருக்கும் விதைகள் தாமாகவே முளைக்கும். முதலில் பிளாக்பெர்ரிப் புதர், அதனூடே டூலிப் பாப்லர், பிளாக் லோகஸ்ட். பாப்லர் விறுவிறுவென்று போகும். உங்கள் பிள்ளைகள் கல்லூரி முடிப்பதற்குள் அதற்கிடையே தட்டு எறியலாம். ஓக் அப்படியல்ல. அதன் கன்றை மான் மேயும், பாப்லர் முந்திக்கொண்டு வெயிலைப் பிடுங்கும். ஆகவே காசும் உழைப்பும் ஓக்குக்கும் ஹிக்கரிக்கும் போகட்டும். கன்றைச் சுற்றிக் கூண்டு போடுங்கள். மற்றதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, முளைத்த இடத்தில் கயிறு கட்டி, தட்டு உள்ளே விழுந்தாலும் மிதிக்காமல் எடுக்கும்படி ஒரு விதி வைப்பதுதான். ஆட்டத்தில் எல்லைக்கு வெளியே விழுந்தால் ஒரு எறிதல் தண்டனை உண்டே, அதையே இங்கே பயன்படுத்தலாம். காடு வளர்ப்பதற்குத் தயாராகவே ஒரு விதி உள்ள விளையாட்டு வேறு எது?

இந்தக் காடு முன்பும் செத்துப் பிழைத்தது. ஒரு காலத்தில் உங்கள் மலைகளின் மரங்களில் கணிசமான பங்கு செஸ்ட்நட். ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோயில் 1940-களுக்குள் அவை ஏறக்குறைய முழுதும் அழிந்தன. அந்த இடத்தை ஓக்கும் பாப்லரும் பிடித்துக்கொண்டன. நீங்கள் இழந்ததாக வருந்தும் காடு, அதற்கு முந்தைய காட்டின் இடத்தில் வந்த காடுதான்.

ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். பூங்காவில் நீங்கள் மட்டும் இல்லை. சைக்கிள்காரர்கள், நாயோடு நடப்பவர்கள், பறவை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அதே காடுதான் சாய்ந்திருக்கிறது. முன்பு மரங்கள் மறைத்ததால் ஃபேர்வேயும் நடைபாதையும் பக்கத்தில் ஓடினாலும் ஆபத்தில்லை. இப்போது மறைப்பு இல்லை, தட்டு தலையில் படும். வடிவம் போடும் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். புது வரைபடத்தில், குழந்தைகளும் முதல்முறை வருபவர்களும் ஆடக்கூடிய குட்டை டீ ஒவ்வொரு ஹோலுக்கும் இருக்கட்டும். வெட்டவெளியான பகுதியை அவர்களுக்கே கொடுங்கள். செலவு அதிகமாகிவிட்டது, இனிக் கட்டணம் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலையிழந்தவரும் மாணவரும் பத்து டாலர் தட்டோடு வந்து நாள் முழுக்க ஆடக்கூடிய இடம் ஊரில் அதிகம் இல்லை. புயலுக்குப் பிறகு அப்படிப்பட்டவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில், கூடைகளை எங்கே வைப்பது என்ற பேச்சை எடுக்கும்முன் எந்தெந்தச் சரிவை முப்பது ஆண்டுகளுக்குக் காட்டுக்கே விட்டுவிடுவது என்பதை முடிவுசெய்யுங்கள். பிற்பகுதி இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் துளிர்க்கும்வரை உங்கள் மலையில் கன்று நடும் பருவம். அதற்குமுன் கன்றுகளுக்கும் கூண்டுகளுக்கும் ஆர்டர் கொடுக்க வேண்டும், நிதியைத் திரட்ட வேண்டும். சார்லட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். கொடி பிடுங்கும் நாள் எது என்று சொல்லியனுப்புங்கள், கையுறையோடு வருகிறேன். என்னைப்போல இங்கிருந்து அங்கே வந்து ஆடிவிட்டுப் போகிற இன்னும் சிலரையும் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சார்லட் ஆட்டக்காரன் ஒருவன்